கிளின்ட் ஈஸ்ட்வுட்: கேளுங்கள், சொல்கிறேன்

போன இதழில் ஒரு பதிலில் போகிறபோக்கில் ஹாலிவுட் நடிகர், இயக்குநர் கிளின்ட் ஈஸ்ட்வுட் பெயரைச் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள் மேசையில் குவிந்துவிட்டன. சரி, இந்த முறை அரசியலும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை, முழுக்க அவர்தான்.

கேள்வி: ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ பார்த்ததிலிருந்து பித்துப் பிடித்து அலைகிறேன். மனிதர் எடுத்த எடுப்பிலேயே இப்படித்தான் வந்து நின்றாரா?
– கல்லூரி மாணவர், கோவில்பட்டி

எடுத்த எடுப்பிலா? அந்தப் படம் வந்த 1966-இல் அவருக்கு வயது 36. அதற்கு முன்னால் பத்து வருஷத்துக்கு மேல் ஹாலிவுட்டில் கிட்டத்தட்ட யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

பிறந்தது 1930 மே 31, சான் பிரான்சிஸ்கோ. அமெரிக்காவே வேலையில்லாமல் தவித்த காலம், அப்பா வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் குடும்பத்தை இழுத்துக்கொண்டு போனார். கொரியப் போர் சமயத்தில் இவரைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்த்தார்கள், ஆனால் போருக்கு அனுப்பவில்லை. கலிஃபோர்னியாவிலேயே ஃபோர்ட் ஆர்ட் முகாமில் சிப்பாய்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலை. அந்த நீச்சல்தான் உயிரையும் காப்பாற்றியது: 1951-இல் அவர் ஏறி வந்த ராணுவ விமானம் பசிபிக் கடலில் இறங்கிவிட, அவரும் விமானியும் இருட்டில் நீந்திக் கரை சேர்ந்தார்கள்.

1954-இல் யூனிவர்சல் ஸ்டுடியோவில் வாரம் 100 டாலர் சம்பளத்துக்கு ஒப்பந்தம். ராட்சத சிலந்திப் படத்தில் குண்டு போடும் விமானி, கடல் மிருகம் படத்தில் ஆய்வுக்கூட உதவியாளர், இப்படித்தான் வேஷங்கள். டைட்டிலில் பெயர்கூட வராது. அடுத்த வருஷமே ஸ்டுடியோ கழற்றிவிட்டது. வீடுகளில் நீச்சல் குளம் தோண்டிப் பிழைத்தார். 1959-இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘ராஹைட்’ என்ற மாட்டு மந்தைத் தொடர் கிடைத்தது. அதில் இவர் இரண்டாவது ஹீரோ, எப்போதும் பெரியவர் சொல்வதைக் கேட்டு நடக்கிற வெள்ளந்திப் பையன். ஏழு வருஷத்துக்கு அதுதான் சோறு போட்டது.

1964-இல் தொடருக்கு இடைவேளை விட்டிருந்த நேரத்தில் இத்தாலியிலிருந்து ஓர் அழைப்பு. செர்ஜியோ லியோனே என்ற, அமெரிக்காவில் யாருக்கும் தெரியாத இயக்குநர், ஸ்பெயினில் ஒரு கௌபாய் படம் எடுக்கிறார், சம்பளம் 15,000 டாலர். ஹென்றி ஃபோண்டா, ஜேம்ஸ் கோபர்ன், சார்ல்ஸ் பிரான்சன் என்று பெரிய ஆட்களிடம் தட்டிவிட்டுக் கடைசியாக இவரிடம் வந்த வாய்ப்பு. ‘ராஹைட்’டின் முதல் ஹீரோவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பாவம். இவர் பெட்டியைக் கட்டினார். கறுப்பு ஜீன்ஸை ஹாலிவுட் கடையில் சொந்தமாக வாங்கிக்கொண்டு, தொடரில் போட்ட பூட்ஸையும் எடுத்துக்கொண்டு போனார். லியோனேவுக்கு இங்கிலீஷ் தெரியாது, இவருக்கு இத்தாலி தெரியாது, நடுவில் ஒரு ஸ்டன்ட் நடிகர் மொழிபெயர்த்தார்.

நீங்கள் பித்துப் பிடித்து அலைகிற அந்த மௌனம் இருக்கிறதே, அது ஸ்கிரிப்டில் இல்லை. ஸ்கிரிப்டில் அந்த ஆள் நிறையப் பேசுகிறான், எங்கிருந்து வந்தேன் எதற்கு வந்தேன் என்று விளக்கம் வேறு. ஈஸ்ட்வுட் உட்கார்ந்து தன் வசனங்களைத் தானே வெட்டினார். வசனம் கூட்டச் சொல்லிச் சண்டை போடுகிற நடிகர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம், இவர் குறைக்கச் சொல்லி வாதாடினார். இனி நான் சொல்லப்போகிற எல்லாவற்றிலும் இந்தக் குணம் வந்துகொண்டே இருக்கும்: எதைக் குறைக்கலாம் என்றுதான் மனிதர் எப்போதும் பார்க்கிறார்.

கேள்வி: அந்த முதல் படம் ஜப்பான்காரர்களிடம் சுட்டது என்கிறார்களே?
– சேலம்

சுட்டதுதான். அகிரா குரோசாவாவின் ‘யோஜிம்போ’ (1961) கதையை உரிமை வாங்காமல் எடுத்து ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ ஆக்கிவிட்டார்கள். ஒரு ஊர், இரண்டு கும்பல், நடுவில் வந்து இரண்டு பக்கமும் காசு வாங்கும் ஒருவன், அப்படியே இருக்கிறது. ‘யோஜிம்போ’வைத் தயாரித்த தோஹோ நிறுவனம் வழக்குப் போட்டு, உலக வசூலில் 15 சதவீதமும் ஜப்பான், தைவான், தென் கொரியா விநியோக உரிமையும் குரோசாவா தரப்புக்குப் போனது. படம் அமெரிக்காவில் 1967-இல்தான் வெளியானது, லியோனேயும் இவரும் சேர்ந்து செய்த டாலர் படங்கள் மூன்றும் (இது, ‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’, ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’) அங்கே ஒரே வருஷத்துக்குள் வரிசையாக வந்து இறங்கின. அதனால்தான் அமெரிக்கர்களுக்கு அவர் ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டார் ஆனதுபோல் தோன்றியது.

கேள்வி: டாலர் படங்களில் வாயில் வைத்திருக்கும் அந்தச் சுருட்டு? நிஜத்திலும் ஊதுவாரா?
– யாழ்ப்பாணம்

மாட்டார். புகை பிடிக்காதவர். சுருட்டின் நெடி தாங்காமல் முகம் சுளித்தது கேமராவில் வேறுவிதமாகத் தெரிந்தது, நமக்கு அது வில்லத்தனமாகப் பட்டது, அவ்வளவுதான்.

கேள்வி: ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ படத்தில் ஈஸ்ட்வுட்டை ஒரு பாத்திரமாகவே கொண்டுவந்தார்களே, அவர் நிஜமாகவே நம்ம காட்டுப் பக்கம் வந்தாரா ஐயா?
– உசிலம்பட்டி

அது கார்த்திக் சுப்பராஜ் கதைக்காகச் செய்த கற்பனை, ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள். ஆனால் யானை, கேமரா, வேட்டை என்ற விஷயங்கள் ஈஸ்ட்வுட்டுக்கு அந்நியமில்லை. 1990-இல் ‘ஒயிட் ஹன்டர் பிளாக் ஹார்ட்’ என்று ஒரு படம் எடுத்து நடித்தார். ஆப்பிரிக்காவுக்குப் படப்பிடிப்புக்குப் போன ஒரு ஹாலிவுட் இயக்குநர், படத்தை விட்டுவிட்டு யானையைச் சுட வேண்டும் என்று வெறிபிடித்து அலைகிற கதை. ஜான் ஹ்யூஸ்டனை மனதில் வைத்து எழுதிய நாவலிலிருந்து வந்தது. வசூலில் படுத்துவிட்ட படம். யாரும் பேசுவதே இல்லை, எனக்கோ அவருடைய ஆகச் சிறந்த படங்களில் ஒன்று என்று தோன்றுகிறது. ‘ஜிகர்தண்டா’ பிடித்தவர்கள் அதைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: நான் உதவி இயக்குநராக இருக்கிறேன். எங்கள் இயக்குநர் ஒரு ஷாட்டுக்கு முப்பது டேக் போவார். ஈஸ்ட்வுட் ஒன்றிரண்டு டேக்கில் முடித்துவிடுவார் என்று படித்தேன். எப்படி முடிகிறது? சும்மா விளம்பரமா?
– வடபழனி, சென்னை

விளம்பரம் இல்லை தம்பி. ஆனால் இதைத் தனிப்பட்ட திறமை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், இது ஒரு கம்பெனி நடத்துகிற முறை.

முதலில் பணம். டாலர் படங்கள் கொடுத்த காசில் 1967-இல் ‘மால்பாஸோ’ என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். தன் நிலத்துப் பக்கம் ஓடிய ஓர் ஓடையின் பெயர் அது. அப்புறம் ‘பெயின்ட் யுவர் வேகன்’ (1969) என்ற பாட்டுப் படத்தில் நடித்தார். ஓரிகன் மலைக்காட்டில் மாதக்கணக்கில் படப்பிடிப்பு, பட்ஜெட் எகிறி 2 கோடி டாலர் அளவுக்குப் போனது, நடிகர்கள் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்து அவர் பார்த்ததெல்லாம் விரயம். இனி படத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்ற முடிவு அங்கேதான் உறுதியானது.

இயக்க வேண்டும் என்ற ஆசை அதற்கும் முந்தியது. ‘ராஹைட்’ காலத்திலேயே ஒரு எபிசோடாவது கொடுங்கள் என்று கேட்டார், சரி என்றார்கள், பிறகு கைவிரித்துவிட்டார்கள். முதல் படம் ‘பிளே மிஸ்டி ஃபார் மீ’ 1971-இல்தான். இரவு ரேடியோ அறிவிப்பாளர் ஒருவரை ஒரு ரசிகை துரத்துகிற கதை. யூனிவர்சல் அனுமதித்தது, ஆனால் இயக்குவதற்குத் தனிச் சம்பளம் இல்லை என்றது, அதற்கும் சரி என்றார். செட் போடவில்லை. தான் குடியிருந்த கார்மெல் ஊரிலேயே நிஜ வீடுகளிலும் மதுக்கடையிலும் எடுத்தார். மதுக்கடைக்காரர் வேஷத்தில் தன் குருவான இயக்குநர் டான் சீகலையே நடிக்க வைத்தார். தடுமாறினால் பக்கத்தில் ஒரு இயக்குநர் இருக்கட்டுமே என்ற முன்ஜாக்கிரதையும் அதில் இருந்திருக்கும்.

சீகலிடம் கற்ற பாடம் ஒன்றுதான்: என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு செட்டுக்கு வா, கிடைத்ததும் நகர். முப்பது டேக் எடுக்கிற பலருக்கு என்ன வேண்டும் என்று முப்பதாவது டேக்கில்தான் தெரிகிறது. (உங்கள் இயக்குநரைச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்தது ஆட்கள். எடிட்டர் ஜோயல் காக்ஸ் எழுபதுகளில் சேர்ந்தார், நாற்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தார். கேமராமேன் ஜாக் கிரீன் முதலில் கேமரா ஆபரேட்டராக இருந்தவர், பிறகு அவர் இடத்துக்கு வந்த டாம் ஸ்டெர்ன் லைட்டிங் ஆளாக இருந்து மேலே வந்தவர். ஆர்ட் டைரக்டர் ஹென்றி பம்ஸ்டெட் எண்பது தொண்ணூறு வயதிலும் அவருக்கு ஊர் கட்டிக்கொடுத்தார். இப்படி ஒரு கூட்டம் இருந்தால், காலையில் என்ன லென்ஸ் என்பதற்குக் கண்ஜாடையே போதும். புது ஆட்களை வைத்துக்கொண்டு ஒரே டேக் என்று கிளம்பினால் நாசம்தான்.

பிறகு செட். அவர் ‘ஆக்‌ஷன்’ என்று கத்துவதில்லை. கௌபாய் தொடரில் நடித்த காலத்தில், யாராவது அப்படிக் கத்தினால் குதிரைகள் மிரண்டு ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். குதிரைக்கே அப்படி என்றால் மனிதன் நரம்பு என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார். மெதுவாக, நீங்கள் தயாரானதும் தொடங்கலாம் என்கிற தொனியில் ஏதாவது சொல்வார், அவ்வளவுதான். ‘சல்லி’ (2016) வந்த சமயத்தில் டாம் ஹாங்க்ஸ் ஒரு டிவி நிகழ்ச்சியில், அவர் நடிகர்களைக் குதிரைகள் மாதிரியே நடத்துகிறார் என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். பல நேரம் ஒத்திகையையே கேமரா ஓட விட்டுப் பதிவு செய்துகொள்வார். நடிகன் ‘இனிமேல்தான் நிஜ டேக்’ என்று விறைத்துக்கொள்வதற்கு முன்பே வேலை முடிந்திருக்கும்.

‘மில்லியன் டாலர் பேபி’ (2004) 37 நாளில் எடுத்தது. செலவு சுமார் 3 கோடி டாலர், அதையும் முழுசாகப் போட வார்னர் பிரதர்ஸ் தயங்கி, பாதியை வேறொரு கம்பெனி போட்டது. பெண் குத்துச்சண்டைப் படத்தை யார் பார்ப்பார்கள் என்ற பயம். சிறந்த படம், இயக்குநர், நடிகை, துணை நடிகர் என்று நான்கு ஆஸ்கர் வந்தது. அப்போது அவருக்கு வயது 74. சிறந்த இயக்குநர் விருது வாங்கியவர்களில் அவர்தான் ஆக மூத்தவர்.

கடைசியாக ஒன்று. குறைந்த செலவு என்பது அவருக்குக் கஞ்சத்தனம் இல்லை, அனுமதி. சொன்ன நாளில், சொன்ன காசுக்குள் முடித்துக் கொடுப்பவரிடம் ஸ்டுடியோக்காரர் செட்டுக்கு வந்து மூக்கை நுழைப்பதில்லை. ஒரு சண்டைப் படம் கொடுத்துவிட்டு அடுத்ததாக சார்லி பார்க்கர் என்ற ஜாஸ் கலைஞரைப் பற்றி ‘பேர்ட்’ (1988) எடுக்கிறேன் என்றால், போகட்டும் என்று விடுவார்கள். அதில் நடித்த ஃபாரஸ்ட் விட்டேகருக்கு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது, வசூல் கிடைக்கவில்லை, ஆனால் யாரும் திவாலாகவும் இல்லை.

கேள்வி: ஒரே டேக்கைத் தூக்கிப் பிடிக்கிறீர்களா? ‘அமெரிக்கன் ஸ்னைப்பர்’ படத்தில் பச்சைக் குழந்தைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பொம்மையை வைத்து எடுத்திருக்கிறார்கள், தியேட்டரில் எல்லோரும் சிரித்தோம்.
– பெங்களூரு

சிரிக்க வேண்டிய காட்சிதான். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், மாற்றுக் குழந்தை வரவில்லை, வேறு இயக்குநராக இருந்தால் ஷூட்டிங்கைத் தள்ளிப்போட்டிருப்பார். இவர் பொம்மையைக் கொடுத்து எடுத்துவிட்டார். அந்தப் படம் உலகம் முழுக்க 54 கோடி டாலருக்கு மேல் அள்ளியது, அதனால் பொம்மை விவகாரம் அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்காது.

ஆனால் விலை கொடுத்த படங்களும் இருக்கின்றன. ‘தி 15:17 டு பாரிஸ்’ (2018): பாரிஸ் போகும் ரயிலில் துப்பாக்கிக்காரனை மடக்கிய மூன்று அமெரிக்க இளைஞர்களை, அவர்களையே வைத்து எடுத்தார். நடிப்பு பழகாதவர்களுக்குத்தான் கூடுதல் டேக் வேண்டும், இவரோ அதே வேகத்தில் ஓடினார். ரயில் காட்சி வரும்வரை பார்ப்பது கஷ்டம். அவசரத்தில் எடுத்ததுக்கும் அமைதியாக எடுத்ததுக்கும் வித்தியாசம் தெரியாத படங்கள் 2010-க்குப் பிறகு அவரிடம் கூடிவிட்டன என்பது என் எண்ணம்.

கேள்வி: ‘டர்ட்டி ஹாரி’ என்கவுன்ட்டரை நியாயப்படுத்துகிற படம்தானே? இன்று இங்கே வரும் போலீஸ் படங்களுக்கெல்லாம் அதுதானே தாத்தா?
– வழக்கறிஞர், கோவை

வக்கீல் கேட்டால் அளந்துதான் பேச வேண்டும். 1971 டிசம்பரில் வந்தது, டான் சீகல் இயக்கம், முதலில் ஃபிராங்க் சினாட்ரா நடிப்பதாக இருந்து கை மணிக்கட்டுப் பிரச்சினையால் விலகிய படம். சான் பிரான்சிஸ்கோவை அப்போது ‘சோடியாக்’ என்று தன்னை அழைத்துக்கொண்ட கொலைகாரன் மிரட்டிக்கொண்டிருந்தான், படத்து வில்லனை அந்தச் சாயலில் செய்தார்கள். குற்றவாளியின் உரிமைகளைச் சட்டம் பாதுகாக்கிறது, பலியானவளின் உரிமையை யார் பாதுகாப்பது என்று ஈஸ்ட்வுட் நடித்த போலீஸ்காரன் ஹாரி கேட்கிறான், தியேட்டர் கைதட்டுகிறது. பாலின் கேல் என்ற புகழ்பெற்ற விமர்சகர் இதைப் பாசிசம் என்றே எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. படம் நமக்குக் கொலைகாரன் யார் என்று முன்கூட்டியே காட்டிவிடுகிறது, பிறகு சட்டம் கேட்கும் ஆதாரமெல்லாம் வெறும் இடைஞ்சலாகத் தெரியும்படி கதையைக் கட்டுகிறது. நிஜத்தில் அந்த வசதி யாருக்கும் கிடையாது. நம்மூர் போலீஸ் படங்களும் செய்வது இதையேதான்.

ஆனால் தாத்தாவுக்கும் பேரன்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முடிவில் ஹாரி தன் போலீஸ் பேட்ஜைக் கழற்றித் தண்ணீரில் வீசிவிட்டுப் போகிறான். மாலை மரியாதை இல்லை, ஸ்லோமோஷனில் நடந்து வருவது இல்லை. இரண்டே வருஷத்தில் வந்த ‘மேக்னம் ஃபோர்ஸ்’ படத்தில் சட்டத்தைக் கையில் எடுத்துக் கொலை செய்கிற இளம் போலீஸ்காரர்களே வில்லன்கள், ஹாரி அவர்களோடு மோதுகிறான். விமர்சனம் உறைத்திருக்கிறது என்று அர்த்தம். மொத்தம் ஐந்து ஹாரி படங்கள், நான்காவதை (‘சடன் இம்பேக்ட்’, 1983) அவரே இயக்கினார். கடைசி இரண்டும் கல்லா கட்ட எடுத்தவை என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: ‘அன்ஃபர்கிவன்’ பார்த்தேன். பாதிப் படம் மழையில் நனைந்து காய்ச்சலில் கிடக்கிறார், குதிரை ஏறத் தெரியாமல் விழுகிறார். இதற்கா நாலு ஆஸ்கர்?
– மன்னார்குடி

அதற்கேதான்! நீங்கள் குறை சொல்கிற இடமே படத்தின் உயிர்.

டேவிட் வெப் பீப்பிள்ஸ் இந்த ஸ்கிரிப்டை எழுபதுகளில் எழுதினார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஈஸ்ட்வுட் உரிமையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். அவர் ஆபீஸில் ஸ்கிரிப்ட் படித்துக் கருத்து எழுதுகிற அம்மாள் இதைக் குப்பை என்றே எழுதித் தள்ளியிருந்தார், அப்படியும் கைவிடவில்லை. வயதான துப்பாக்கிக்காரன் வில்லியம் மன்னி வேஷத்துக்கு இன்னும் தனக்கு வயதாகவில்லை என்று காத்திருந்தார். எடுத்தது 1991-இல், கனடாவின் ஆல்பர்ட்டாவில், 61 வயதில். ஒரு ஸ்டார், தனக்கு வயதாகட்டும் என்று ஒரு கதையைப் பொத்தி வைப்பதை வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம் பக்கம் கதை அப்படியே இருக்கும், ஹீரோவின் வயதைத்தான் பின்னால் இழுப்பார்கள்.

மன்னி ஒரு காலத்தில் பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொன்ற குடிகாரன். இப்போது மனைவி செத்துப்போய், இரண்டு பிள்ளைகளோடு கான்சாஸில் பன்றி வளர்க்கிறான், பன்றிகளுக்குக் காய்ச்சல். டாலர் படங்களில் கண்ணை இடுக்கி நின்றவன் நிஜத்தில் வயதானால் எப்படி இருப்பான் என்ற கேள்விதான் படம். துப்பாக்கி குறி தவறுகிறது. குதிரை தள்ளிவிடுகிறது. கூட வரும் பையன் அஞ்சு பேரைக் கொன்றேன் என்று பீற்றிக்கொள்கிறான், அவனுக்குக் கண்ணே சரியாகத் தெரியாது. அவன் முதல்முதலாக ஒருவனைச் சுடுகிற இடத்தைக் கவனியுங்கள்: கழிப்பறையில் உட்கார்ந்திருக்கிறவனைச் சுடுகிறான். கௌபாய் படங்களில் துப்பாக்கிச் சண்டைக்கு இருந்த மரியாதை அத்தனையும் அந்த ஒரு காட்சியோடு போய்விடுகிறது. அதன்பிறகு அந்தப் பையன் மரத்தடியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே குடிக்க, மன்னி பேசுகிற சில வரிகளுக்காகவே படத்தை மறுபடி பார்க்கலாம்.

ஷெரீஃபாக வரும் ஜீன் ஹேக்மேன் வன்முறைப் படம் வேண்டாம் என்று முதலில் மறுத்தவர், துணை நடிகர் ஆஸ்கர் அவருக்குத்தான். சட்டத்தின் பெயரால் ஆளை உதைக்கிற மனிதர், சாயங்காலமானால் தானே வீடு கட்டுகிறார், கூரை ஒழுகுகிறது. எவ்வளவு நல்ல எழுத்து பாருங்கள். சிறந்த படம், இயக்குநர், எடிட்டிங் மற்ற மூன்று விருதுகள். படம் முடிந்ததும் ‘செர்ஜியோவுக்கும் டானுக்கும்’ என்று ஒரு கார்டு வரும். லியோனே 1989-இலும் சீகல் 1991-இலும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மறுபடி பாருங்கள், இந்த முறை டாலர் படங்களைப் பார்த்த கையோடு.

கேள்வி: நடிப்புக்கு ஆஸ்கர்?
– தூத்துக்குடி

இல்லை. ‘அன்ஃபர்கிவன்’, ‘மில்லியன் டாலர் பேபி’ இரண்டுக்கும் பரிந்துரை வந்தது, விருது வரவில்லை. முதல் தடவை அல் பச்சீனோ, இரண்டாம் தடவை ஜேமி ஃபாக்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கேள்வி: எல்லோரும் அவரைத் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். சோண்ட்ரா லாக் பற்றி எழுத மாட்டீர்களா?
– வாசகி, புதுச்சேரி

எழுதுகிறேன், எழுதத்தான் வேண்டும். சோண்ட்ரா லாக் ‘தி அவுட்லா ஜோசி வேல்ஸ்’ (1976) தொடங்கி அவரோடு ஆறு படங்களில் நடித்தவர், நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவர், பிறகு தானும் இயக்குநர் ஆனவர். 1989-இல் பிரிவு, வழக்கு. அதை முடிக்கும்போது வார்னர் ஸ்டுடியோவில் படம் இயக்க அவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. அவர் கொண்டுபோன கதைகள் வரிசையாக நிராகரிக்கப்பட்டன. அந்த ஒப்பந்தமே ஈஸ்ட்வுட் தன் காசில் ஏற்பாடு செய்த கண்துடைப்பு என்று மறுபடி வழக்குப் போட்டார். 1996-இல் ஜூரிகள் (வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள்) முடிவை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஈஸ்ட்வுட் தரப்பு சமரசம் செய்துகொண்டது. ஒரு நல்ல நடிகையின் இயக்குநர் வாழ்க்கை அதில் கரைந்துபோனது, அதைச் சொல்லாமல் இவர் புகழை மட்டும் பாடுவது சரியில்லை.

அதே ‘ஜோசி வேல்ஸ்’ படத்தில் இன்னொன்றும் நடந்தது. பிலிப் காஃப்மேன் என்பவர் ஸ்கிரிப்ட் எழுதி இயக்கத் தொடங்கியிருந்தார். நிதானமாக எடுக்கிறார், இது ஈஸ்ட்வுட்டுக்குப் பொறுக்கவில்லை, அவரை அனுப்பிவிட்டுத் தானே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இயக்குநர்கள் சங்கம் கொதித்துப்போய், படத்தில் வேலை செய்கிற ஒருவர் இயக்குநரை நீக்கிவிட்டு அந்த இடத்துக்கு வரக்கூடாது என்று விதியே போட்டது. இன்றும் அதற்கு ‘ஈஸ்ட்வுட் விதி’ என்றுதான் பேச்சு. படம் என்னவோ அருமையாக இருக்கிறது. இரண்டும் உண்மை.

கேள்வி: ஐஸ்கிரீமுக்காக மேயர் ஆனாராமே?
– நாகர்கோவில்

கொஞ்சம் அப்படித்தான். கார்மெல் கடலோரச் சின்ன ஊர், ராணுவ முகாமில் இருந்த காலத்திலேயே பிடித்துப்போய் அங்கேயே வீடு கட்டியவர். ஊர் சபை எதற்கெடுத்தாலும் தடை போட்டது, தெருவில் ஐஸ்கிரீம் விற்கக் கட்டுப்பாடு, இவர் கேட்ட கட்டட அனுமதிக்கும் இழுபறி. கடுப்பாகி 1986-இல் நின்று 72 சதவீத ஓட்டில் ஜெயித்தார். சம்பளம் மாதம் 200 டாலர். ஐஸ்கிரீம் தடையை எடுத்தார், நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி கொண்டுவந்தார், இரண்டு வருஷம் முடிந்ததும் போதும் என்று கிளம்பிவிட்டார். முதலமைச்சர் நாற்காலி வரை கனவு காணவில்லை.

கேள்வி: ரிபப்ளிகன் மாநாட்டில் காலி நாற்காலியோடு பேசியவர்தானே? அவர் அரசியலை வைத்துக்கொண்டு எப்படி அவர் படங்களை ரசிப்பது?
– கொழும்பு

2012-இல் நடந்தது. ஒபாமா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு காலி நாற்காலியிடம் கேள்வி கேட்டார். பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அதே மனிதர்தான் 2006-இல், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய இவோ ஜிமா தீவுப் போரை வைத்து இரண்டு படம் எடுத்தார். ‘ஃபிளாக்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்’ அமெரிக்கச் சிப்பாய்கள் பக்கம், மலையில் கொடி நட்ட அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தை வைத்து அரசாங்கம் எப்படிக் காசு வசூலித்தது என்கிற கசப்பான கதை. எடுத்துக்கொண்டிருக்கும்போதே, எதிர்ப்பக்கம் இருந்தவன் என்ன நினைத்திருப்பான் என்று தோன்றி, ‘லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா’வைக் கிட்டத்தட்ட முழுக்க ஜப்பானிய மொழியில் எடுத்தார். ஜப்பானியத் தளபதி குரிபயாஷி வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்தான் அதன் விதை, கென் வாட்டனபே நடித்திருக்கிறார். தோற்கப்போவது தெரிந்தே குகைக்குள் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் படம் வரைந்து கடிதம் எழுதுகிற எதிரி. முதல் படத்தைவிடச் செலவும் பல மடங்கு குறைவு, படமும் மேல். போர் பார்த்த ஊர்க்காரர் நீங்கள், அதைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், நாற்காலிப் பேச்சு பெரிதா, இது பெரிதா என்று.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டாரா?
– காரைக்குடி

அறிவிப்பு எதுவும் செய்து ஓய்கிற ரகம் இல்லை அவர். ‘ஜூரர் நம்பர் 2’ 2024 நவம்பரில் வந்தது, அப்போது வயது 94. ஒரு கொலை வழக்கில் ஜூரியாக உட்காரும் இளைஞனுக்கு, அந்தச் சாவுக்குத் தானே காரணமாக இருக்குமோ என்று விசாரணை நடுவில் சந்தேகம் வருகிறது. உண்மையைச் சொன்னால் தன் குடும்பம் போகும், சொல்லாவிட்டால் குற்றம் செய்யாதவன் ஜெயிலுக்குப் போவான். சத்தமே இல்லாமல், பழைய பாணியில், கச்சிதமாக எடுத்த படம். அரை நூற்றாண்டாக அவர் படங்களில் சம்பாதித்த வார்னர் பிரதர்ஸ், அமெரிக்கா முழுக்கச் சேர்த்து ஐம்பது தியேட்டர்கூடக் கொடுக்கவில்லை. எனக்கு அது எரிச்சல்தான். ‘ஹாரி’யை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள் வக்கீல் சார், ஆதாரம், சந்தேகத்தின் பலன் எல்லாம் 94 வயதில் அவருக்கு எப்படித் தெரிகிறது என்பது விளங்கும்.

கேள்வி: ஒரு படமும் பார்த்ததில்லை. எதில் தொடங்க?
– இல்லத்தரசி, தென்காசி

குடும்பத்தோடு என்றால் ‘கிரான் டோரினோ’ (2008). பக்கத்து வீட்டு, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த மாங் இனத்துப் பையனோடு முறைத்துக்கொண்டே ஒட்டிக்கொள்ளும் கோபக்காரத் தாத்தா, கெட்ட வார்த்தைகள் வரும், சப்டைட்டிலைக் கொஞ்சம் மறைத்துக்கொள்ளுங்கள். தனியாக மத்தியானத்தில் என்றால் ‘தி பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுன்டி’ (1995), மெரில் ஸ்ட்ரீப் லாரிக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தவிக்கிற மழைக் காட்சியில் கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் டாலர் படங்கள், அதன்பின் ‘அன்ஃபர்கிவன்’. ‘பெயின்ட் யுவர் வேகன்’ மட்டும் வேண்டாம். அதில் அவர் மரங்களைப் பார்த்துச் சொந்தக் குரலில் பாடுகிறார்.